முடிவுக்கு முன் போர்த்திய பொன்னாடை

எங்கள் தமிழ்ப் பள்ளிக்கு நான் பொறுப்பாளராக இருப்பதற்கு ஒரே காரணம், சாவி என்னிடம் இருப்பதுதான். ஜெர்மன் நகரமான வுப்பர்டாலில் ஒரு தேவாலயத்துக்குச் சொந்தமான மண்டபத்தையும் அதைச் சேர்ந்த அறைகளையும் சனிக்கிழமைகளில் வாடகைக்கு எடுத்துப் பள்ளியை நடத்துகிறோம். சாவியை வாங்கிவைத்துக்கொள்ள அன்றைக்கு வேறு யாரும் முன்வரவில்லை. வாங்கினேன், பொறுப்பாளராகிவிட்டேன். காலையில் கதவைத் திறப்பது, வெப்பமூட்டியைப் போடுவது, "அக்கா, தமிழ் படிச்சால் பள்ளிக்கூட மார்க்ஸ் கூடுமோ?" என்று கேட்கும் பெற்றோருக்குப் பொறுமையாகப் பதில் சொல்வது, இவைதான் என் வேலை. கடைசி வேலையை மட்டும் நான் சரியாகச் செய்வதில்லை. எனக்கு மூக்கின் மேல் கோபம் வரும்.

வார நாட்களில் ஒரு தண்ணீர்ப் பரிசோதனைக் கூடத்தில் உதவியாளராக இருக்கிறேன். இந்த நாட்டுக்கு வந்து, மொழி படித்து, பிறகு ஆஸ்பில்டுங் என்கிற தொழிற்பயிற்சியை முதலிலிருந்து செய்து பெற்ற வேலை. கிணற்றுத் தண்ணீரும் ஆற்றுத் தண்ணீரும் தொழிற்சாலைக் கழிவும் போத்தல்களில் வந்து என் மேசையில் நிற்கும். உப்பு எவ்வளவு, சுண்ணாம்பு எவ்வளவு என்று பார்த்துச் சொல்ல வேண்டும். அந்தக் கூடத்துக்குத்தான் அவள் சில மாதப் பயிற்சிக்கு வந்தாள்.

உக்ரைனின் தெற்கே, கடலோர நகரம் ஒன்றிலிருந்து வந்தவள். முப்பதைத் தாண்டியவள். இரண்டு பிள்ளைகள், ஒரு தங்கை, எல்லோருக்குமாக ஓர் அறையும் ஒரு சமையலறையும். எங்கள் இருவருக்கும் பொது மொழி ஜெர்மன். ஒரு பக்கம் நான் அதன் காலை ஒடிக்க, மறுபக்கம் அவள் ஒடிக்க, எப்படியோ ஒருவரை ஒருவர் விளங்கிக்கொண்டோம். மதியத்தில் என் புட்டை அவள் சாப்பிடுவாள், அவளுடைய பீட்ரூட் சூப்பை நான் குடிப்பேன். புட்டு அவளுக்கு உண்மையாகவே பிடித்ததா, மரியாதைக்குச் சாப்பிட்டாளா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

ஒரு நாள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது, ஊரில் என்ன செய்துகொண்டிருந்தாய் என்று கேட்டேன். பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டத்துக்கு ஆய்வு செய்துகொண்டிருந்தாளாம். கடலோரத்து உப்பு ஏரிகளைச் சுற்றியுள்ள மண்ணில் உவர் எப்படி ஏறுகிறது, எப்படி இறங்குகிறது என்பது ஆய்வு. நான் கரண்டியைக் கீழே வைத்துவிட்டேன். ஏனென்றால் யாழ்ப்பாணத்தில், கம்பஸில் கடைசி ஆண்டு புவியியல் படித்தபோது நான் எழுதிய ஆய்வுக்கட்டுரையும் உவரைப் பற்றியதுதான். எங்கள் பக்கத்துக் கிணறுகள் ஏன் உவர்க்கின்றன என்று ஒரு சைக்கிளில் கிணறு கிணறாகப் போய்த் தண்ணீர் அள்ளிக்கொண்டு வந்து எழுதியது.

"நீயும் உப்பா?" என்று கேட்டுச் சிரித்தாள். அன்றிலிருந்து எங்கள் பேச்சு ஜெர்மன் இலக்கணத்தைப் பற்றிக் கவலைப்படாமல் ஓடத் தொடங்கியது.

அவளுடைய நகரத்தை ரஷ்யப் படை பிடித்ததும், பல்கலைக்கழகக் கட்டடத்தில் முதலில் மாறியது பெயர்ப்பலகை. பிறகு பாடமொழி. உக்ரைன் மொழியில் நடந்த விரிவுரைகள் எல்லாம் ரஷ்ய மொழிக்குப் போயின. இவளிடம், ஆய்வேட்டை ரஷ்ய மொழியில் மாற்றி எழுதித் தந்தால் விரைவிலேயே பட்டம் தருகிறோம் என்றார்களாம். இவள் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வெளியேறிவிட்டாள். பேராசிரியர்களிலும் பலர் வெளியேறி, நாட்டின் இன்னொரு நகரத்தில் கிடைத்த இரண்டு மூன்று அறைகளில் அதே பல்கலைக்கழகத்தைத் திரும்பத் தொடங்கினார்கள். மாணவர்கள் உலகம் முழுக்கச் சிதறியிருக்க, வகுப்புகள் கணினித் திரையில் நடந்தன. ஒரே பெயரில் இரண்டு பல்கலைக்கழகங்கள். ஒன்றுக்குக் கட்டடம் இருக்கிறது. மற்றதற்கு ஆட்கள் இருக்கிறார்கள்.

"உனக்கு ரஷ்ய மொழி மேல் கோபம் இருக்கும்" என்றேன், ஏதோ எல்லாம் தெரிந்தவள் மாதிரி.

"இல்லை. வீட்டில் நாங்கள் பேசுவது ரஷ்ய மொழிதான். அம்மா எனக்குத் தாலாட்டுப் பாடியது அதில். உக்ரைன் மொழியில் ஒழுங்காக எழுத நான் படித்ததே பல்கலைக்கழகத்தில்தான்."

"பிறகென்ன? மாற்றி எழுதிக் கொடுத்திருக்கலாமே?"

"அம்மா பாடினாள். இவர்கள் துவக்கை நீட்டிக்கொண்டு வந்து எழுது என்றார்கள். இரண்டும் ஒன்றா?"

நான் அவளளவு நிதானமான ஆள் இல்லை. ராணுவத்தின் கையில் ஊர் இருந்த காலத்தில், எங்களுக்கு வாசிக்கத் தெரியாத மொழியில் அறிவிப்புகள் தொங்கும்; சோதனைச் சாவடியில் அதே மொழியில் அதட்டுவார்கள். இன்றைக்கும் அந்த எழுத்தை எங்கேயாவது பார்த்தால் என் முதுகு தானாக நிமிர்ந்துவிடும். மொழி ஒரு பாவமும் செய்யவில்லை என்று அறிவுக்குத் தெரியும். முதுகுக்குத் தெரிவதில்லை.

அவளுடைய ஏடு எழுதி முடிந்துவிட்டது. பாக்கி இருந்தது வாய்மொழித் தேர்வு மட்டும். ஐந்து பேர் கொண்ட குழுவுக்கு முன்னால் தன் ஆய்வை விளக்கி, அவர்கள் கேட்பதற்கெல்லாம் பதில் சொல்ல வேண்டும். யார் வேண்டுமானாலும் வந்து கேட்கலாம், கதவைச் சாத்திக்கொண்டு நடத்தக் கூடாது என்பது அவர்கள் முறை. ஏற்கெனவே இரண்டு தடவை நாள் குறித்து, அந்தப் பக்கம் மின்சாரம் போய், தள்ளிவைத்தார்கள். அவளுக்குக் கொடுத்த ஆய்வுக் காலமும் முடியப்போகிறது. இந்த முறையும் நடக்காவிட்டால் ஏடு காலாவதி. உதவி அலுவலகத்தில் இவளுடைய விஷயத்தைப் பார்க்கிற அம்மா, இனி அந்தப் பட்டம் உனக்கு எதற்கு, இங்கே ஒரு ஆஸ்பில்டுங் செய்யலாமே என்றாராம். நல்லெண்ணத்தோடுதான் சொல்லியிருப்பார். என்னிடமும் இந்த நாட்டில் அதையே சொன்னார்கள், நானும் செய்தேன், கெட்டுப்போகவில்லை. ஆனால் அவள் அதைச் சொல்லும்போது கண் கலங்கியிருந்தது.

எனக்கும் அப்படியொரு வாய்மொழித் தேர்வு நடந்திருக்க வேண்டும். நாள் குறித்திருந்தார்கள். அந்த வாரத்தில்தான், ராணுவம் நெருங்கி வர, ஊரே எழும்பி, மழைக்குள் நடந்து, கடல்நீரேரியைத் தாண்டிப் போனது. கட்டுரை நனைந்து கூழாகிப்போனது. தமிழில் எழுதியது. நிலத்துக்கடியில் உப்புத் தண்ணீருக்கு மேலே நல்ல தண்ணீர் மெல்லிசாக மிதந்துகொண்டிருப்பதை 'நன்னீர் வில்லை' என்று எங்கள் விரிவுரையாளர் சொல்லித் தந்தார். கடதாசிகூட வராத பொருளாதாரத் தடைக் காலத்தில், பழைய வினாத்தாள்களின் பின்பக்கத்தில் பாடக்குறிப்புகளை எங்களுக்குத் தமிழில் எழுதித் தந்தவர் அவர். இன்றைக்கும் ஒரு போத்தலில் உப்பு கூடியிருந்தால் என் மனதில் முதலில் வருவது அந்தச் சொல்தான். பிறகுதான் ஜெர்மன் வரும். அவரை நினைக்காமல் ஒரு வேலைநாளும் எனக்குப் போவதில்லை.

இதையெல்லாம் அவளிடம் அன்றைக்கே ஜெர்மனில் சொன்னேன். கடைசியில் அவள் கேட்டது ஒன்றுதான். "அமைதியான ஓர் அறை கிடைக்குமா? வீட்டில் ஏலாது. பிள்ளைகள்." அவள் 'முடியாது' என்றுதான் ஜெர்மனில் சொன்னாள். என் காதில் அது 'ஏலாது' என்றே விழுந்தது. தேர்வு நாள் ஒரு சனிக்கிழமை. சாவி யாரிடம் இருக்கிறது என்று உங்களுக்குத் தெரியும்.

பள்ளியின் கோடியில் இருந்த சிறிய வகுப்பறையை ஒதுக்கினேன். பக்கத்து வகுப்புப் பிள்ளைகளை அடுத்த மாடிக்கு அனுப்பினேன். நடைபாதையில் யாரும் கதைக்கக் கூடாது என்று காலையிலேயே எல்லோருக்கும் எச்சரிக்கை கொடுத்தேன். அவள் வெள்ளைச் சட்டை போட்டு, தலைமயிரை இழுத்துக் கட்டி, முகம் வெளுத்துப்போய் வந்தாள். கணினியைத் திறந்தால் அந்த அறையில் இணையம் நொண்டியது. குழுத்தலைவர் பேசத் தொடங்குவார், முகம் உறைந்துபோகும். மறுபடி தொடங்குவார், மறுபடி உறையும். தேர்வு தொடங்கக் கொஞ்ச நேரம்தான் இருந்தது. கம்பி இணைப்பு உள்ள ஒரே இடம் பெரிய மண்டபம்.

மண்டபத்தில் யார் இருப்பார்கள்? பிள்ளைகளைக் கொண்டுவந்து விட்டுவிட்டுத் தேநீர் குடித்தபடி, வகுப்பு முடியும்வரை ஊர்க்கதை பேசிக்கொண்டிருக்கும் அம்மா அப்பாமார். கோயிலில் பூசை நடக்கும்போதுகூட வாயை மூடாத கூட்டம். நான் உள்ளே போய், "எல்லாரும் வெளியிலை போங்கோ, இப்பவே!" என்று சத்தம் போட்டேன். வெளியே மழை. ஒருவரும் அசையவில்லை.

அவள் என் கையைப் பிடித்தாள். "இருக்கட்டும். தேர்வு என்றால் மண்டபத்தில் ஆட்கள் இருக்க வேண்டும். எங்கள் ஊரில் அப்படித்தான்."

நான் அவர்கள் பக்கம் திரும்பி, விஷயத்தை நாலு வரியில் சொன்னேன். இந்தப் பிள்ளையின் ஊரை ராணுவம் பிடித்துவிட்டது. கம்பஸில் மொழியை மாற்றிவிட்டார்கள். இவள் தன் நாட்டு மொழியிலேயே எழுதி, அதே மொழியில் இன்றைக்குச் சோதனை எடுக்கப்போகிறாள். இது தவறினால் இனிக் கிடையாது. அவ்வளவுதான் சொன்னேன். யாரும் கேள்வி கேட்கவில்லை. கோப்பைகளை மெதுவாக நிலத்தில் வைத்தார்கள். கதிரைகளைத் தூக்கி, இழுபடும் சத்தம் வராமல், வரிசையாகப் போட்டார்கள். ஒரு அப்பா கைத்தொலைபேசியை அணைத்துவிட்டு, பக்கத்தில் இருந்தவரையும் முறைத்து அணைக்க வைத்தார்.

திரையில் ஐந்து பேர். தலைவர் ஒரு வயதான அம்மா. அறைக்குள்ளேயே குளிர்கால மேலங்கி போட்டிருந்தார். அவள் பேசத் தொடங்கினாள். எங்களில் ஒருவருக்கும் ஒரு சொல்லும் விளங்கவில்லை. ஆனால் படங்கள் வந்தன. வெள்ளையாகப் பூத்த மண், காய்ந்த ஏரிக்கரை, மேலும் கீழும் போகும் கோடுகள். "உப்புத் தரை போலை கிடக்கு" என்று ஒரு அம்மா கிசுகிசுத்தார். "ஸ்ஸ்" என்றார்கள் ஐந்தாறு பேர்.

பாதியில் ஒரு சதுரம் கறுத்தது. குழுவில் ஒருவருக்கு மின்சாரம் போய்விட்டது. ஒருவர் குறைந்தாலும் தேர்வு செல்லாது. தலைவர் கையை உயர்த்திக் காத்திருக்கச் சொன்னார். அவள் மேசையை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டு நின்றாள். முன்வரிசையில் ஒரு அக்கா கண்ணை மூடிக்கொண்டு உதடு அசைத்தார். எந்தப் பிள்ளையாருக்கு எத்தனை தேங்காய் நேர்ந்தாரோ. நானும் என் பங்குக்குக் கும்பிட்டேன். கடைசியில் கறுத்த சதுரத்தில் ஒரு முகம் தெரிந்தது. அந்த மனிதர் கைத்தொலைபேசியைத் தூக்கிப் பிடித்தபடி காருக்குள் உட்கார்ந்திருந்தார். எங்கள் ஆட்களிடமிருந்து வந்த பெருமூச்சு அந்தப் பக்கமும் கேட்டிருக்கும்.

பிறகு கேள்விகள். ஒரு கேள்விக்கு அவள் தடுமாறினாள். குனிந்து யோசித்தாள். நிமிர்ந்தபோது குரல் மாறியிருந்தது. நிதானமாக, ஒவ்வொரு சொல்லாக எடுத்துவைத்துப் பேசினாள். காருக்குள் இருந்த மனிதர் தலையை ஆட்டினார். தலைவர் ஏதோ சொல்ல, ஐந்து முகங்களும் திரையிலிருந்து மறைந்தன. முடிவைத் தீர்மானிக்கத் தனியாகப் போய்விட்டார்கள்.

இங்கேதான் அண்ணையைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் பள்ளியின் நிகழ்ச்சிகளை எல்லாம் தொகுத்து வழங்குகிறவர் அவர். யார் மேடையேறிப் பேசினாலும், பேசி இறங்குமுன் பொன்னாடை போர்த்திவிட வேண்டும் என்பது அவருடைய கொள்கை. அவருடைய காரில் உதிரிச் சக்கரம் இருக்கிறதோ இல்லையோ, சரிகைக் கரை வைத்த பொன்னாடை ஒன்று எப்போதும் இருக்கும். எந்த நேரத்தில் யாரைக் கௌரவிக்க வேண்டி வருமோ, யார் கண்டது? முகங்கள் திரையிலிருந்து மறைந்ததும், பேச்சு முடிந்துவிட்டது என்று அண்ணை எழும்பினார். எப்போது கொண்டுவந்து வைத்திருந்தாரோ, கையில் பொன்னாடை. நான் கண்ணைக் காட்டினேன், கையைக் காட்டினேன். அவர் ஒன்றையும் பார்க்கவில்லை. கம்பீரமாக நடந்துபோய், அவள் தோளில் போர்த்தி, கும்பிட்டார். மண்டபம் கைதட்டியது.

"அண்ணை! முடிவு இன்னும் வரேல்லை!"

"பேசி முடிஞ்சுது தானே, தங்கச்சி?"

"அவையள் பாஸ் பண்ணிச்சினமோ எண்டு தெரியாமல் ஏன் போர்த்தினியள்?"

அண்ணை யோசித்தார். "பாஸ் பண்ணினால்தான் போர்த்திறது எண்டில்லை. பிள்ளை நல்லாத்தானே கதைச்சது."

"என்ன கதைச்சது எண்டு உங்களுக்கு விளங்கினதோ?"

"இல்லை" என்றார், கொஞ்சமும் வெட்கப்படாமல்.

பட்டம் கிடைக்காவிட்டால் இந்தப் பிள்ளை இந்த ஆடையோடு எப்படி நிற்கும்? கழற்றிவிடு என்று சைகை செய்தேன். அவள் கழற்றவில்லை. நுனியை விரல்களுக்குள் சுருட்டிப் பிடித்துக்கொண்டு திரையையே பார்த்தாள்.

முகங்கள் திரும்பி வந்தன. தலைவர் கண்ணாடியைச் சரிசெய்து இவளை உற்றுப் பார்த்து ஏதோ கேட்டார். இவள் பதில் சொன்னாள். அவர் இன்னும் ஏதோ சொல்ல, இவள் கணினியைத் தூக்கி எங்கள் பக்கம் திருப்பினாள். சேலை கட்டியவர்கள், குளிர்ச்சட்டைக்காரர்கள், வகுப்பு முடிந்து அப்போதுதான் கதவடியில் வந்து நெருக்கிக்கொண்ட பிள்ளைகள் என்று எங்கள் கூட்டம் முழுவதும் அந்தப் பக்கத்துக்குத் தெரிந்தது. தலைவர் திரையருகே குனிந்து எங்களைப் பார்த்தார். பிறகு மெதுவாகப் பேசினார். அதை அவள் ஜெர்மனில் எனக்குச் சொன்னாள், நான் தமிழில் மண்டபத்துக்குச் சொன்னேன்.

"எங்கள் மண்டபம் இப்போது வேறு ஆட்களின் கையில் இருக்கிறது. அதற்குப் பிறகு பட்டம் வாங்கிய எல்லோரும் தங்கள் சமையலறையில் தனியாக நின்றுதான் வாங்கினார்கள். இன்றைக்கு எங்கள் பல்கலைக்கழகத்துக்கு ஒரு மண்டபம் கிடைத்திருக்கிறது. அங்கே இருக்கிற எல்லோருக்கும் நன்றி."

முடிவை அறிவிக்கும்போது எல்லோரும் எழும்பி நிற்பது அவர்கள் முறையாம். அவள் நிமிர்ந்து நின்றதைப் பார்த்து, யாரும் சொல்லாமலே எங்கள் ஆட்களும் எழும்பினார்கள். தலைவர் வாசித்தார். அவள் முகத்தைப் பொன்னாடையால் மூடிக்கொண்டு அழுதாள். அண்ணை என்னைப் பார்த்த பார்வையை நான் விவரிக்கப் போவதில்லை. அன்றிலிருந்து அவரை ஒரு சொல் சொல்ல முடிவதில்லை.

வீட்டுக்குப் போகும்போது ஷ்வேபபானில் ஏறி உட்கார்ந்தேன். கீழே ஆறு ஓட, மேலே தொங்கிக்கொண்டு போகிற எங்கள் ஊர் ரயில் அது. இந்த நாட்டைத் திட்ட எனக்கு ஆயிரம் காரணம் உண்டு, திட்டியும் இருக்கிறேன். அன்று திட்ட ஒன்றும் வரவில்லை. யாரோ ஒரு தேவாலயத்துக்காரர் தந்த சாவி, மழைக்கு ஒதுங்கிய கூட்டம், ஒரு கம்பி இணைப்பு. இவை போதுமாக இருந்தன. மனம் நிறைந்து இருந்தது.

திங்கட்கிழமை மதியம், கூடத்தின் சாப்பாட்டு அறையில் அவள் தன் சூப்பைத் திறக்கவில்லை. கதிரையைத் திருப்பிப் போட்டு எனக்கு எதிரே உட்கார்ந்தாள்.

"நான் இப்போது முனைவர். கேள்வி கேட்கலாம். உன் கிணறுகளைப் பற்றிச் சொல்."

சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. சரி என்று ஜெர்மனில் தொடங்கினேன். அவள் உடனே கையை உயர்த்தினாள், அந்தத் தலைவர் அம்மா உயர்த்தியது மாதிரியே.

"எந்த மொழியில் எழுதினாய்?"

"தமிழில்."

"அப்படியானால் அதில் சொல்."

"உனக்கு விளங்காதே?"

"சனிக்கிழமை யாருக்கு விளங்கியது?"

நான் எழும்பி நின்றேன். எதற்காக நின்றேன் என்று தெரியாது. யாழ்ப்பாணத்து நிலத்தடியில் இருக்கும் சுண்ணாம்புக்கல்லில் தொடங்கினேன். மழைத்தண்ணீர் அதற்குள் எப்படி இறங்குகிறது, கடல் தண்ணீருக்கு மேலே எப்படி நிற்கிறது, நாங்கள் அளவுக்கு மீறி இறைத்தால் உவர் எப்படி மேலே ஏறி வருகிறது என்று சொன்னேன். 'நன்னீர் வில்லை' என்ற சொல் வந்த இடத்தில் ஒரு கணம் நின்றேன். அதை இத்தனை ஆண்டுகளில் ஒரு முறையும் நான் வாய்விட்டுச் சொல்லியிருக்கவில்லை. கைகளால் காற்றில் நிலம் வரைந்தேன், கிணறு வரைந்தேன். கூழாகிப்போன பக்கங்கள் ஒவ்வொன்றாக ஞாபகத்துக்கு வந்தன. அவள் ஒரு சொல்லும் விளங்காமல், கண் எடுக்காமல் கேட்டுக்கொண்டிருந்தாள்.

இடைவேளை முடிந்தது. நான் முடிக்கவில்லை. எங்கள் மேலாளர், போத்தல்கள் காத்திருக்கின்றன என்று சொல்லக் கதவைத் திறந்தார். அவள் திரும்பிப் பார்க்காமலே விரலை உதட்டில் வைத்து, பக்கத்துக் கதிரையைக் காட்டினாள். மனிதர் என்னைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். பிறகு, சத்தம் வராமல் கதவைச் சாத்திவிட்டு உட்கார்ந்தார்.